பாதி பங்கு வந்துச்சு, கிணறு வரல

எங்க அம்மா அவங்க கூடப்பிறந்த அண்ணன் மேல பாகப்பிரிவினை கேஸ் போட்டது 2014ல. நிலத்துல பிரிச்சு கல்லு நட்டது 2023ல. நடுவுல ஒம்பது வருஷம். இப்ப சொந்தத்துல, தெரிஞ்சவங்கள்ல யாருக்கு நிலத் தகராறுன்னாலும் எனக்குத்தான் போன் வருது, அதுலயும் கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கற பொண்ணுங்கதான் ஜாஸ்தி, "எங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா"ன்னுதான் எல்லாருமே ஆரம்பிக்கறாங்க. பங்கு உண்டு. ஆனா அந்த ஒரு கேள்விய மட்டும் பிடிச்சுக்கிட்டே நாங்க ஆறேழு வருஷம் ஓடிட்டோம், அதனால மொத்தமா எழுதி வச்சிடறேன். நான் வக்கீல் கிடையாது, கேஸ் கட்ட தூக்கிட்டு கோர்ட் வராண்டால நின்னவன், அவ்ளோதான்.

நிலம் மூணு ஏக்கர் அறுபது சென்ட். ஒரே சர்வே நம்பர், நடுவுல இல்லாம கொஞ்சம் தெக்கால தள்ளி ஒரு கிணறு, மேக்கால தென்னை, கிழக்கால மேட்டு நிலம், வடக்கு ஓரமா ரோடு. தாத்தாவுக்கு அவங்க அப்பா காலத்துல பாகம் பிரிச்சப்ப வந்த சொத்து. தாத்தா 1998ல உயில் எதுவும் எழுதாம போய்ட்டார், பாட்டி 2009ல. பிள்ளைங்க ரெண்டு பேருதான், மாமாவும் அம்மாவும். தாத்தா போன கையோட பட்டா மாமா பேருக்கு மட்டும் மாறிடுச்சு. அம்மா கேக்கவும் இல்ல, கேக்கணும்னு தோணவும் இல்ல, ஏன்னா வருஷா வருஷம் தேங்கா மூட்டை வீட்டுக்கு வந்துட்டு இருந்துச்சு. பாட்டி போனதுக்கப்புறம் அது நின்னுச்சு. 2013ல ஒரு கல்யாண வீட்டுல வச்சு மாமா, "உனக்கு செய்ய வேண்டியதெல்லாம் 84லயே செஞ்சாச்சு, நிலத்துல உனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டார். அம்மாவுக்கு கல்யாணம் ஆன வருஷம் 1984.

மொதல்ல பாத்த வக்கீல், மாமா நிலத்த விக்கக் கூடாதுன்னு ஒரு தடையாணை கேஸ் போடலாம்னார். ரெண்டாவதா ஒருத்தர்கிட்ட கேட்டோம், அவர் கட்ட முழுசா படிச்சுட்டு, கூட்டுச் சொத்துல ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரர் மேல வெறும் தடையாணை மட்டும் கேட்டா நிக்காதுங்க, பங்கு கேட்டு போடணும், அதுக்குள்ள இடைக்காலத் தடை கேக்கலாம்னார். இத நான் ஏன் சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்சு மூணு குடும்பம் இந்த வெறும் தடையாணை கேஸ்லயே பல வருஷத்த விட்டிருக்காங்க. நம்ம உரிமையையே எதிராளி இல்லன்னு சொல்றப்ப வெறும் தடையாணை பத்தாது, உரிமைய விளம்புகை பண்ணச் சொல்லி, அதாவது இது இவங்களுதுன்னு கோர்ட்டே அறிவிக்கச் சொல்லிக் கேக்கணும், நிலம் நம்ம கைல இல்லன்னா சுவாதீனமும் சேத்துக் கேக்கணும். உச்ச நீதிமன்றம் 2008லயே அனந்துலா சுதாகர் கேஸ்ல இத ரொம்பத் தெளிவா சொல்லிடுச்சு. கூட்டுச் சொத்துன்னா பாகப்பிரிவினை. கேஸ்ல என்ன கேக்கறோம்ங்கறதுலயே பாதி விஷயம் முடிஞ்சுடுது.

அந்த வக்கீல் அடுத்து கேட்ட கேள்விதான் எங்களுக்கு ஆச்சரியம். "உங்களுக்குப் பங்கு இல்லன்னு உங்கண்ணன் மொதமொதல்ல எப்பம்மா சொன்னாரு?" பட்டா என்னைக்கு மாறுச்சுன்னு கேப்பார்னு நெனச்சா இதக் கேக்கறார். காரணம், கூட்டுக் குடும்பச் சொத்துலருந்து தன்னை ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்லருந்து பன்னண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். ஒதுக்கவே இல்ல, வெளைச்சல்ல பங்கு வந்துட்டுதான் இருந்துச்சுன்னா அந்தக் கணக்கே ஆரம்பிக்காது. கோர்ட் ஃபீஸும் அதப் பொறுத்துதான், கூட்டு அனுபவத்துல இருக்கோம்னா ஒரு குறிப்பிட்ட கட்டணம், வெளிய தள்ளிட்டாங்கன்னா பங்கோட மார்க்கெட் மதிப்புக்குக் கட்டணும், ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம்.

அப்பதான் அம்மா பீரோ மேல இருந்த தகரப் பெட்டிய இறக்குனாங்க. அதுல மாமா போட்ட இன்லேண்ட் லெட்டர் ஒரு கட்டு, சணல் கயிறு போட்டு கட்டி வச்சிருந்தாங்க. 2003ல எழுதுன ஒண்ணுல, நீல மை, மடிப்புல கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு, மாமா கையெழுத்துல இப்படி இருந்துச்சு: "தேங்காய் வெட்டு முடிந்தது. உன் பங்கை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வந்தால் எடுத்துப் போகச் சொல்." உன் பங்கு. அந்த ரெண்டு வார்த்தைதான். வாதி தரப்பு ஏழாவது சான்றாவணமா அது மார்க் ஆச்சு. மாமாவ கூண்டுல ஏத்தி எங்க வக்கீல் அத கையில குடுத்து இது உங்க கையெழுத்தான்னு கேட்டப்ப மாமா கண்ணாடிய எடுத்துப் போட்டுட்டு முழுசா படிச்சார், ரொம்ப நேரம் ஆச்சு, அப்புறம் ஆமான்னார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. அன்னைக்கு அம்மா கோர்ட்ட விட்டு வெளிய வந்து ஜெயிச்சிட்டோம்னு சொல்லல, புங்கமரத்தடியில உக்காந்து அழுதாங்க.

மாமா தரப்புல சொன்னது ரெண்டு. ஒண்ணு பட்டா என் பேர்ல இருக்கு. இன்னொண்ணு, பதினாறு வருஷமா அடங்கல்ல, அதாவது ஊர்ப் பயிர்க் கணக்குல, என் பேர்தான், நான்தான் உழுதேன், அதனால அனுபவ பாத்தியம் எனக்கு. இந்த ரெண்டையும் நம்ம ஊர்கள்ல எல்லாருமே நம்பறாங்க, அதனால சொல்றேன், பட்டாங்கறது வருவாய்த் துறை பதிவு, யார்கிட்ட வரி வசூல் பண்றதுங்கறதுக்கு அது, சொத்து யாருதுன்னு முடிவு பண்றது சிவில் கோர்ட்தான். பட்டா ஒரு ஆதாரம், அதுவே உரிமை ஆயிடாது. அனுபவ பாத்தியம் வெளியாளுக்கு எதிரா பன்னண்டு வருஷத்துல வரலாம், ஆனா கூட்டுப் பங்குதாரர் ஒருத்தர் நிலத்துல இருந்தா அது மத்த பங்குதாரங்களுக்காகவும் இருக்கறதாத்தான் சட்டம் எடுத்துக்கும். நீ பங்காளியே இல்லன்னு வெளிப்படையா மறுத்து, அது அவங்களுக்குத் தெரிஞ்சு, அதுக்கப்புறம் பன்னண்டு வருஷம் போயிருக்கணும். ஏழாவது சான்றாவணம் இருக்கறப்ப அந்தப் பேச்சு எடுபடல.

இனி அந்தப் பங்கு கணக்கு. இதுல நாங்க பட்ட பாடு தனி. தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல பிறப்பால உரிமை குடுத்துட்டாங்க, ஆனா 25.3.1989க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னு அதுலயே இருந்துச்சு. அம்மா கல்யாணம் 84, அதனால அதுல வரமாட்டாங்க. 2005 செப்டம்பர் 9ல மத்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டப்ப அந்தக் கல்யாண நிபந்தனையெல்லாம் கிடையாது, மகனும் மகளும் ஒண்ணு. அத நம்பி பாதி கேட்டுத்தான் கேஸ் போட்டோம். 2015 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பூலாவதி கேஸ்ல, அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு சொல்லிடுச்சு. தாத்தா 98லயே போய்ட்டார். 2016ல எங்க முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது யாருக்கு எவ்ளோ பங்குன்னு மட்டும் சொல்ற தீர்ப்பு, வந்துச்சு, பாதி போயி கால்வாசி ஆயிடுச்சு. எப்படி கால்னா, பழைய கணக்குல தாத்தாவுக்குப் பாதி மாமாவுக்குப் பாதி, தாத்தாவோட பாதிய பாட்டி, மாமா, அம்மா மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஆறுல ஒண்ணு, பாட்டியோட ஆறுல ஒண்ணு அவங்களுக்கு அப்புறம் ரெண்டா பிரியும், அம்மாவுக்கு மொத்தம் நாலுல ஒண்ணு.

அப்பீல் போனோம். 2018ல தனம்மா கேஸ்ல வேற மாதிரி தீர்ப்பு வந்துச்சு, அதுல அப்பா 2001லயே இறந்திருந்தும் பொண்ணுங்களுக்குப் பங்கு குடுத்தாங்க, எது சரின்னு கீழ் கோர்ட்ல யாருக்கும் தெளிவில்ல, எங்க அப்பீலும் வாய்தா வாய்தான்னு போச்சு. கடைசியா 2020 ஆகஸ்ட் 11, வினீதா சர்மா கேஸ், மூணு நீதிபதி அமர்வு: மகளோட உரிமை பிறப்பால வர்றது, அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது கணக்கில்ல, 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முறைப்படி பிரிச்சோ வித்தோ இருந்தா அதத் தொடக் கூடாது. நிலுவைல இருக்கற கேஸையெல்லாம் முடிஞ்சவரை ஆறு மாசத்துல முடிங்கன்னும் அதுல சொல்லியிருந்தாங்க. வாட்ஸப்ல வக்கீல் அந்தத் தீர்ப்பு அனுப்புனப்ப லாக்டவுன், வீட்ல எல்லாரும் இருந்தோம், நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அம்மா கேட்டாங்க. 2021ல அப்பீல்ல கால் திரும்ப பாதி ஆச்சு.

ஒண்ணு சொல்லிடறேன், இந்தப் பாடு பூர்வீகச் சொத்துக்குத்தான். தாத்தா சொந்தமா சம்பாதிச்சு வாங்குன சொத்தா இருந்து உயில் இல்லாம போயிருந்தா 1956 சட்டத்துலயே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, 2005க்கு காத்திருக்க வேண்டியதே இல்ல. வீட்ல நாம எல்லாத்தையும் "பூர்வீகம்"னுதான் சொல்றோம், அதனால தாய்ப்பத்திரத்த எடுத்து யார் பேருக்கு எப்படி வந்துச்சுன்னு பாக்காம எந்த முடிவுக்கும் வராதீங்க. இது இந்து வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் கணக்கு வேற.

நடுவுல மாமா ரோட்டோரமா முப்பது சென்ட்ட ஒருத்தருக்கு கிரயம் பண்ணிட்டார். கேஸ் நடக்கறப்பவே. எங்களுக்கு ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி யாரும் தூங்கல. ஆனா கேஸ் நடக்கறப்ப வாங்குனவர் கேஸோட முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தான், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆவது பிரிவு. அவரையும் பிரதிவாதியா சேத்தோம். பிரிக்கறப்ப அந்த முப்பது சென்ட்ட மாமா பங்குல தள்ளிடலாம், வாங்குனவருக்கும் நஷ்டம் வராதுன்னு வக்கீல் சொன்னார், கடைசில அப்படித்தான் ஆச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஈசி போட்டுப் பாருங்க, ஆன்லைன்லயே பாக்கலாம்.

சரி, பாதி வந்துடுச்சு. எந்தப் பாதி?

இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. முதல்நிலைத் தீர்ப்பாணைல ரெண்டுல ஒண்ணுன்னு ஒரு எண் இருக்கும், நிலம் இருக்காது. எங்க போட்ட வரப்பு, கிணறு யாருக்கு, வண்டி எப்படிப் போகும், இதெல்லாம் இறுதித் தீர்ப்பாணைல. அதுக்குத் தனியா மனு போடறது, நிலத்த அளந்து பிரிக்க கோர்ட் அனுப்பற கமிஷனர் வர்றது, அறிக்கை, ஆட்சேபணை. முதல்நிலைத் தீர்ப்ப வாங்கிட்டு ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போயி வருஷக்கணக்கா அப்படியே வச்சிருக்கற குடும்பங்கள எனக்குத் தெரியும். இறுதித் தீர்ப்பாணை கேக்க காலக்கெடு கிடையாதுங்கறது நெசம்தான், ஆனா அதுக்குள்ள எதிராளி இறந்து, அவர் வாரிசு அஞ்சு பேர் வந்து, அதுல ஒருத்தர் ஃபாரின்ல இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 2022 ஜூன்ல உச்ச நீதிமன்றம் கேரளா கேஸ் ஒண்ணுல, முதல்நிலைத் தீர்ப்பு குடுத்த கையோட கோர்ட்டே இறுதித் தீர்ப்புக்கு நாள் குறிக்கணும், தனியா மனு வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. நல்ல விஷயம்.

கமிஷனர் வந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவர் ஒரு இளம் வக்கீல், கூட சர்வேயர், எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடத்த பைக் டேங்க் மேல விரிச்சு வச்சு நாலு மூலைக் கல்ல தேடுனாங்க. மூணு கல்லு கிடைச்சுது, வடகிழக்கு கல்லு இல்ல. அத்தை வந்து சீமைக்கருவேலத்துக்கு அடியில தோண்டச் சொன்னாங்க, ரெண்டடிக்குக் கீழ இருந்துச்சு. அத்தைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அம்மாவும் அத்தையும் ஏழெட்டு வருஷமா பேசல, அந்தக் கல்லு கிட்ட நின்னுட்டு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கவும் இல்ல.

கமிஷனர் நேர்மையாத்தான் பண்ணார். கிழமேலா ஒரு கோடு போட்டு, வடக்கு ஒண்ணே முக்கால் சொச்சம் ஏக்கர், தெக்கு ஒண்ணே முக்கால் சொச்சம். பரப்பு சென்ட் சுத்தமா சரி. மாமா வித்த இடம் வடக்கு ஓரத்துல இருக்கறதால வடக்கு மாமாவுக்கு, தெக்கு அம்மாவுக்கு. ஆனா அந்தக் கோட்டால கிணறு அம்மாகிட்ட போச்சு, ரோடு மாமாகிட்ட போச்சு. அதாவது மாமாவுக்கு தண்ணி இல்ல, தென்னை காஞ்சு போயிடும். அம்மாவுக்கு வழி இல்ல, டிராக்டர் உள்ள போக முடியாது. ரெண்டு பேருமே ஆட்சேபணை போட்டோம். ஒம்பது வருஷத்துல ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்துக்கு ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான், இந்தப் பிரிவினை ஆகாதுன்னு.

நீதிபதி எங்கள சமரச மையத்துக்கு அனுப்பிட்டார். கோர்ட் வளாகத்துலயே இருக்கும், சென்னை ஹைகோர்ட்ல 2005ல ஆரம்பிச்சு இப்ப மாவட்டங்கள்லயும் இருக்கு. சின்ன ரூம், வட்ட மேஜை, ஃபேன். மீடியேட்டர் ஒரு வயசான வக்கீலம்மா. அவங்க பங்கப் பத்தி பேசவே இல்ல. ஒவ்வொருத்தரையா தனியா கூப்ட்டு, "அந்த நிலத்துல நீங்க என்ன பண்ணப் போறீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. மாமா தென்னைய விட முடியாதுன்னார், அத்தனையும் அவர் வச்சு தண்ணி ஊத்துனது. அம்மாவுக்கு தென்னை வேணாம், தேங்கா போட ஆளு கிடைக்கறதில்ல, மேட்டு நிலத்துல நான் வீடு கட்டிட்டு வந்து இருக்கணும், ஆடு மாடு வச்சுக்கணும்னாங்க. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். ஒம்பது வருஷம் கேஸ் நடத்துன வீட்ல யாரும் அம்மாகிட்ட இதக் கேக்கல, நானும் கேக்கல. அது இன்னமும் எனக்கு வலிக்குது.

மூணு தடவை உக்காந்தோம். கோடு தெக்கு வடக்கா திரும்புச்சு. மேக்கால தென்னையும், வித்த முப்பது சென்ட்டும் சேத்து மாமாவுக்கு ஒண்ணு அறுபது, கிழக்கால மேட்டு நிலம் அம்மாவுக்கு ஒண்ணு தொண்ணூறு, தென்னை மதிப்புக்கு ஈடா மாமாவ விட முப்பது சென்ட் கூடுதல். மீதி பத்து சென்ட், கிணறும் ரோட்லருந்து கிணத்துக்கு பன்னண்டு அடி வண்டிப் பாதையும், பொது. தண்ணிக்கு முறை: திங்கள், செவ்வாய், புதன் மாமா, வியாழன், வெள்ளி, சனி அம்மா, ஞாயித்துக்கிழமை ஒரு வாரம் இவங்க ஒரு வாரம் அவங்க. மோட்டார் ரிப்பேர், தூர் வாரற செலவு சரிபாதி. கிணறு வத்துனா அவங்கவங்க நிலத்துல போர் போட்டுக்கலாம், கிணத்துக்கு கிட்ட போடக் கூடாது, எத்தனை அடி தள்ளிங்கறது வரைக்கும் எழுதுனோம். மீடியேட்டரம்மா, "இப்ப அண்ணன் தங்கச்சி நீங்க இருக்கீங்க, நாளைக்கு இதப் படிக்கப் போறது உங்க பேரப் பசங்க, அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க"ன்னாங்க. எழுதுனோம், வரைபடத்துல கலர் போட்டு சேத்தோம், எல்லாரும் கையெழுத்து, வாங்குனவர் உட்பட.

கோர்ட் அத அப்படியே தீர்ப்பாணையாக்குச்சு. சமரசத் தீர்ப்பு மேல அப்பீல் கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. லோக் அதாலத்ல முடிச்சாலும் அப்படித்தான். ஆரம்பத்துலயே இப்படி சமரசமா முடிச்சா கட்டுன கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், கோர்ட் அனுப்பாம நீங்களே வெளிய பேசி முடிச்சிருந்தாலும் கிடைக்கும், 2021 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் நம்ம தமிழ்நாட்டுச் சட்டத்த வச்சே அப்படிச் சொல்லியிருக்கு. கேஸே போடாம குடும்பத்துக்குள்ள பேசி முடிக்க முடியும்னா இன்னும் நல்லது, ஆனா வெள்ளைப் பேப்பர்ல எழுதி பஞ்சாயத்தார் கையெழுத்தோட பீரோல வைக்காதீங்க, நிலத்த அந்தப் பேப்பரே பிரிக்கறதா இருந்தா அது பதிவு ஆகியிருக்கணும், இல்லன்னா பின்னாடி கோர்ட்ல அதால பங்க நிரூபிக்க முடியாது.

தீர்ப்பு வந்ததோடயும் முடியல. பாகப்பிரிவினை இறுதித் தீர்ப்பாணைய முத்திரைத்தாள்ல எழுதி வாங்கணும், அதுக்கு நாமதான் முத்திரைத்தாள் வாங்கிக் குடுக்கணும், அது இல்லாம அத நிறைவேத்த முடியாது, இது எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லல. அப்புறம் ஈசில வரட்டும்னு பதிவும் பண்ணோம். அப்புறம் உட்பிரிவுக்கு மனு, சர்வேயர் திரும்ப வந்து அளந்தார், கல்லு நட்டோம். அம்மா பேர்ல பட்டா வந்துச்சு. ஹெக்டேர், ஏர்ஸ்னு இருந்த கணக்க நான் சென்ட்டுக்கு மாத்தி சொன்னேன், அம்மா அந்த பிரிண்ட்டவுட்ட லேமினேட் பண்ணி அதே தகரப் பெட்டில, இன்லேண்ட் லெட்டர் கட்டு மேல வச்சாங்க.

இப்ப மேட்டு நிலத்துல அஸ்திவாரம் போட்டிருக்கு. மாமாவும் அம்மாவும் பழையபடி ஆயிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், விசேஷத்துக்குப் போறாங்க, தேவைக்குப் பேசறாங்க. கிணத்து மோட்டாரோட ஈபி சர்வீஸ் மட்டும் இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு, மாத்தறதுக்கு ரெண்டு பேர் சம்மதமும் வேணும். மாமா போன வாரம் போன் பண்ணி, "மாப்ள, அம்மாவ வியாழக்கிழமை கூட்டிட்டு வந்துடு, ஈபி ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்"னார். வியாழக்கிழமை தண்ணி எங்க முறையாச்சே மாமான்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல, அப்புறம், "சரி, அப்ப ஞாயித்துக்கிழமை எங்க முறைய நீங்க எடுத்துக்கங்க"ன்னார்.